சக்கர நாற்காலிப் பயணிக்கான கப்பல் அறை

சக்கர நாற்காலிப் பயணிக்கான கப்பல் அறை என்பது, நாற்காலியில் அமர்ந்தபடியே ஒருவர் உள்ளே நுழையவும், திரும்பவும், படுக்கைக்கும் கழிப்பறை இருக்கைக்கும் மாறி அமரவும் ஏற்ற அளவுகளில் பயணிகள் கப்பலில் கட்டப்படும் தங்கும் அறையாகும். உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் இதை ‘அணுகல் அறை’ என்ற பெயரில் தனி வகையாகக் காட்டுகின்றன. கப்பலில் பயணிகள் தங்கும் அறை என்பது மிகப் பழைய ஏற்பாடு. ஆனால் நடக்க இயலாதவரையும் எண்ணிக் கட்டப்பட்ட அறை 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான் பரவியது. கப்பல் நிறுவனங்களின் பெருந்தன்மையால் மட்டும் அது வந்துவிடவில்லை. சட்டம், வழக்கு, அளவுகோல் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைக் கொண்டுவந்தன.

தென்காசி மாவட்டம் செங்கோட்டை வட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி மலையடிவாரத்தில் அமைந்த புளியறையிலிருந்து கடல் தொலைவுதான். மேற்கே மலையைக் கடந்தால் கொல்லம், கிழக்கே சமவெளி வழியாகத் தூத்துக்குடி. இரண்டுமே பழந்துறைமுகங்கள். எனினும் இப்பொருளோடு இவ்வட்டாரத்துக்கு நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. சக்கர நாற்காலியில் வாழ்வோருக்காகத் தமிழகத்தில் இயங்கும் முக்கியமான மறுவாழ்வு நிறுவனங்களில் ஒன்றான அமர் சேவா சங்கம் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் உள்ளது. அதைத் தோற்றுவித்தவர் கடற்படையில் சேர விரும்பிய ஓர் இளைஞர்.

தூக்கிச் சென்ற காலம்

பழைய சென்னைப் பட்டினத்தில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் மசுலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தனர். கயிற்றால் தைக்கப்பட்ட பலகைகளால் ஆன அப்படகு கரையைத் தட்டியதும், படகோட்டிகள் பயணிகளைத் தூக்கி வந்து மணலில் இறக்கினர். ஆளுநரானாலும் அலுவலரானாலும் இதுதான் நிலை. கால் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே முறையில் கரையேறிய காலம் என்று இதைச் சொல்லலாம்.

தூத்துக்குடியிலும் கரையோரக் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் தொலைவில் நின்றன. கொழும்பு செல்வோர் சிறுபடகில் போய், ஆடும் கப்பலின் பக்கவாட்டு ஏணியில் ஏறினர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் இலங்கைப் பயணத்தின் முதன்மை வழி தனுஷ்கோடி–தலைமன்னார் ஆனது. தூத்துக்குடியில் பெரிய கப்பல்கள் கரையிலேயே அணையும் ஆழ்கடல் துறைமுகம் 1974இல்தான் வந்தது.

அக்காலக் கப்பல்களில் தமிழர் பெரும்பாலோர் அறைப் பயணிகள் அல்லர், தளப் பயணிகள். 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்தில் ஓடிய ரஜூலா கப்பல் தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல உரிமம் பெற்றிருந்தது. பாயும் பெட்டியுமாகக் கப்பல் தளத்தில் இடம் பிடித்துக்கொள்வதுதான் பயணம். அறையே இல்லாதபோது ஏற்ற அறை எது என்ற கேள்விக்கு இடமேது?

அதற்கும் முன்னால் ஒரு தடை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் மொரீசியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்கள் புறப்படும் முன் உடற்பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். உழைக்கத் தகுதியற்றவர் என்று கருதப்பட்டவர் கப்பலேற முடியாது. பின்னாளில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்கு நின்றனர். அமெரிக்காவிலும் இதே கதைதான். 1907ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், பிழைப்புத் தேடும் திறனைப் பாதிக்கும் உடற்குறை உள்ளவர்களைத் தடுக்க வழி செய்தது. நியூயார்க்கின் எல்லிஸ் தீவில், படியேறி வருவோரை மருத்துவர்கள் கவனித்து நின்று, நொண்டுபவரின் சட்டையில் சுண்ணக்கட்டியால் குறியிட்டனர். அங்கே படிக்கட்டே பரிசோதனைக் கருவியாக இருந்தது. மாற்றுத்திறனாளியைப் பயணியாக அல்ல, சுமையாகப் பார்த்த இந்தக் காலம் நீண்டது. கப்பலின் கட்டமைப்பும் அதே பார்வையில்தான் உருவாயிற்று.

மடங்கும் நாற்காலியும் மாறாத கதவும்

பழைய சக்கர நாற்காலிகள் மரத்தாலும் பிரம்பாலும் ஆனவை. கனமானவை, மடக்க முடியாதவை. சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த அமெரிக்கர் ஹெர்பர்ட் எவரெஸ்ட் தன் காரில் ஏற்றிச் செல்லத் தக்க நாற்காலியை விரும்பினார். அவருடைய நண்பரும் பொறியாளருமான ஹாரி ஜென்னிங்சுடன் சேர்ந்து, பெருக்கல் குறி வடிவில் மடங்கும் எஃகுக் குழாய் நாற்காலியை 1930களின் தொடக்கத்தில் உருவாக்கினார். 1937இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று தென்காசி அரசு மருத்துவமனை வாசலில் காணும் மடக்கு நாற்காலியும் அந்த வடிவத்தின் வழிவந்ததே. தொலைதூரப் பயணம் என்ற எண்ணமே இந்த நாற்காலிக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வந்தது.

நாற்காலி மாறியது, கப்பல் மாறவில்லை. இடத்தை அங்குலக் கணக்கில் சேமிக்கும் கப்பலில் சாதாரண அறைக்கதவின் அகலம் பெரும்பாலும் 22 முதல் 24 அங்குலம். பெரியவர்களுக்கான நாற்காலியின் வெளி அகலம் 24 முதல் 27 அங்குலம். சிக்கல் முழுவதும் இந்த இரண்டு எண்களில் அடங்கியிருக்கிறது. ஒரே ஒரு அங்குலம் குறைந்தாலும் பயணி வாசலில்தான் நிற்பார்.

அடுத்தது நிலைப்படி. கப்பலின் வெளித்தளத்துக்குத் திறக்கும் கதவுகளின் அடியில் உயரமான விளிம்பு வைப்பது அலைநீர் உள்ளே புகாமல் தடுப்பதற்காக. 1966ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுமைக்கோட்டு ஒப்பந்தம் இவ்வகைக் கதவுகளுக்கு இடத்தைப் பொறுத்து 380 அல்லது 600 மில்லிமீட்டர் உயர விளிம்பை விதிக்கிறது. ஒன்றேகால் அடி முதல் இரண்டடி வரை. இது கப்பலின் உயிரைக் காக்கும் விதி என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நீர் புகவே வாய்ப்பில்லாத உட்புறக் குளியலறைகளிலும் விளிம்பு வைக்கும் பழக்கம் தொடர்ந்தது. தொழிற்சாலையில் முழுமையாகச் செய்து கொண்டுவந்து பொருத்தப்படும் குளியலறைக் கூடுகள் அறைத் தரையைவிட உயர்ந்து நின்றதால், உள்ளேயும் ஒரு படி உண்டாயிற்று.

இந்த வழக்கம் கடலின் கட்டாயமல்ல என்பதை முதலில் காட்டியது ஒரு பாய்மரக் கப்பல் என்பது வியப்பு. இங்கிலாந்தின் ஜூபிலி செயிலிங் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்காகக் கட்டப்பட்டு 1986இல் கடலுக்கு வந்த லார்ட் நெல்சன், மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்தே செலுத்தும்படி வடிவமைக்கப்பட்டது. அகலமான சமதளம், தளங்களுக்கிடையே நாற்காலி செல்லும் மின்தூக்கி, பார்வையற்றவரும் சுக்கான் பிடிக்க உதவும் பேசும் திசைகாட்டி ஆகியவை அதில் இருந்தன. அங்கே சக்கர நாற்காலியில் வந்தவர் விருந்தினர் அல்லர், மாலுமி. உலகைச் சுற்றிய பயணத்தின்போது 2013இல் இக்கப்பல் கொச்சிக்கும் வந்தது. 2019இல் பணியிலிருந்து விலக்கப்பட்டது.

ஆய்க்குடியும் கடற்படைத் தேர்வும்

1975 ஜனவரியில் பெங்களூருவில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வு நடந்தது. ஆய்க்குடியைச் சேர்ந்த பொறியியல் மாணவர் ச. ராமகிருஷ்ணன் உடற்திறன் சோதனையின்போது உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்தெலும்பில் ஏற்பட்ட காயத்தால் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. கடலுக்குப் போக இருந்தவர் சக்கர நாற்காலியுடன் ஊர் திரும்பினார்.

ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளுக்கான பன்னாட்டு ஆண்டாக அறிவித்த 1981இல் அவர் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்கு மருத்துவம் பார்த்த படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அதற்கு வைத்தார். ஒரு சில குழந்தைகளுடன் எளிய கூரையின் கீழ் தொடங்கிய அமைப்பு பின்னர் 30 ஏக்கர் வளாகமாக வளர்ந்தது. தசைநார்த் தேய்வால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் பட்டயக் கணக்கர் சு. சங்கரராமன் 1992இல் இணைந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இந்நிறுவனத்தின் பணிகளில் ஒன்று, தண்டுவடக் காயம் அடைந்தோருக்கான மறுவாழ்வுப் பயிற்சி. நாற்காலியிலிருந்து படுக்கைக்கு மாறுவது, படுக்கைப்புண் வராமல் உடலைக் காப்பது, சிறுநீர்ப் பையைப் பராமரிப்பது போன்றவை இத்தகைய பயிற்சியின் அடிப்படைப் பாடங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மரம் ஏறி விழுந்தவர்களும் சாலை விபத்தில் சிக்கியவர்களும் குறைவில்லை. அவர்களுக்கு உல்லாசக் கப்பல் பயணம் எட்டாத செய்தியாகத் தோன்றலாம். ஆனால் கப்பல் அறையில் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் வீட்டில் ஏற்கெனவே கேட்கப்பட்டவைதான். கதவு எவ்வளவு அகலம், படி உண்டா, கட்டில் எவ்வளவு உயரம், கழிப்பறையில் திரும்ப இடம் இருக்கிறதா?

சட்டங்கள்

1990 ஜூலை 26 அன்று கையெழுத்தான அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் கடைகள், விடுதிகள், போக்குவரத்து அனைத்திலும் பாகுபாட்டைத் தடை செய்தது. அதன்படி வகுக்கப்பட்ட அளவுகளே இன்று பல நாட்டுக் கப்பல்களுக்கு அடிப்படை. கதவின் தெளிந்த அகலம் 32 அங்குலம், அதாவது 815 மில்லிமீட்டர். நாற்காலி திரும்பும் வட்டம் 60 அங்குலம், அதாவது 1,525 மில்லிமீட்டர். சாய்தளத்தின் சரிவு 12க்கு 1. ஆயிரம் அறைகள் கொண்ட விடுதி ஒன்றில் நடமாட்டத் தடை உள்ளோருக்கான அறைகள் 30 இருக்க வேண்டும்.

இந்தியாவின் முதல் சட்டம் 1995இல் இயற்றப்பட்டது. அதன் 44ஆம் பிரிவு ரயில் பெட்டி, பேருந்து, விமானம் ஆகியவற்றோடு கப்பலையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அவற்றின் கழிப்பறைகளைச் சக்கர நாற்காலியில் வருவோர் பயன்படுத்தும்படி மாற்றியமைக்க வேண்டும் என்றும் கூறியது. படிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் பொருளாதார வசதியின் எல்லைக்குள் என்ற சொற்களையும் அப்பிரிவு சேர்த்துக்கொண்டது. அந்தச் சொற்களுக்குள் கப்பல் மறைந்துபோயிற்று.

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1996இல், முதியோர் மற்றும் மாற்றுத்திறனாளிகளின் தேவைக்கேற்ப பயணிகள் கப்பல்களை வடிவமைப்பது குறித்த சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. அது பரிந்துரை மட்டுமே. கட்டாயம் வேறொரு இடத்திலிருந்து வந்தது. ஹூஸ்டன் துறைமுகத்திலிருந்து 1998, 1999 ஆண்டுகளில் உல்லாசப் பயணம் சென்ற மாற்றுத்திறனாளிகள் சிலர் நார்வேஜியன் குரூஸ் லைன் மீது வழக்குத் தொடுத்தனர். தங்களுக்குக் கூடுதல் கட்டணம், நல்ல காட்சியுள்ள அறைகள் தங்களுக்கு எட்டாதவை, அவசரகால ஏற்பாடுகள் தங்களால் அடைய முடியாத இடங்களில், அறை வாசலில் விளிம்புகள் என்பவை அவர்களின் குற்றச்சாட்டுகள். கப்பலோ பஹாமாஸ் கொடி ஏந்தியது. அமெரிக்கச் சட்டம் அதற்குப் பொருந்துமா என்பதே கேள்வி. ஸ்பெக்டர் வழக்கு என அறியப்படும் இதில் 2005 ஜூன் 6 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், அமெரிக்கக் கடற்பரப்பில் உள்ள வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுக்கும் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்பு ஒப்பந்தங்களுக்கு முரணான மாற்றங்களை மட்டும் கேட்க முடியாது என்றது. உலகின் பெரும்பாலான உல்லாசக் கப்பல்கள் ஏதோ ஒரு நாளில் அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடுபவை என்பதால் இத்தீர்ப்பின் விளைவு பெரிது.

2010இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வகுத்த விதிகளில் ஒன்று குறிப்பிடத்தக்கது. ஒரு வகுப்பில் மற்ற அறைகள் எல்லாம் விற்றுத் தீரும்வரை அவ்வகுப்பின் அணுகல் அறைகளைத் தேவையுள்ளோருக்காக ஒதுக்கி வைக்க வேண்டும். பெரிய அறை என்பதற்காக மற்றவர்கள் அவற்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் பழக்கம் இருந்ததால்தான் இவ்விதி தேவைப்பட்டது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் கடற்பயணிகள் உரிமை ஒழுங்குமுறையை நிறைவேற்றியது. 2012 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. நாற்காலி சேதமடைந்தால் இழப்பீடு தர வேண்டும் என்பதும் அதில் அடங்கும்.

இந்தியா 2007இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. அதற்கேற்ப 2016இல் புதிய சட்டம் வந்தது. பல வகையில் முன்னேற்றமான சட்டம்தான். ஆனால் அதன் 41ஆம் பிரிவு பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் மூன்றையும் பெயர் சொல்லிவிட்டு, மற்றவற்றை எல்லா வகைப் போக்குவரத்து என்ற பொதுச்சொல்லில் அடக்கியது. 1995இல் பெயர் பெற்றிருந்த கப்பல் 2016இல் பெயரிழந்தது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் வழிகாட்டுதல்களாக இருப்பது சட்டத்துக்கு முரண் என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்க ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது.

சென்னைக்கு வந்த கப்பல்

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலின் பயணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு அது இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கும் சென்றது. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு உல்லாசக் கப்பல் என்ற சொல் அறிமுகமானது அப்போதுதான்.

இக்கப்பலுக்கு ஒரு முன்கதை உண்டு. பிரான்சின் சான் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் நார்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் கட்டப்பட்டு 1990 ஜூனில் அது சேவைக்கு வந்தது. அமெரிக்கச் சட்டம் கையெழுத்தானது அடுத்த மாதம். ஆக, சட்டம் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்னதாகப் பிறந்த கப்பல் அது. இத்தகைய கப்பல்களில் அணுகல் அறை என்பது பின்னாளில் புதுப்பிக்கும்போது சேர்க்கப்படுவது. எஃகுச் சுவர்களுக்கிடையே இருக்கும் இடத்தைப் பிரித்துத்தான் அமைக்க முடியும். இரண்டு அறைகளை ஒன்றாக்கினால்தான் திரும்பும் வட்டம் கிடைக்கும். ஆகவே எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். கப்பல் கட்டப்பட்ட ஆண்டைக் கேட்பது வீண் ஆர்வம் அல்ல.

அதே 2022 நவம்பரில் சென்னை மெரினாவில், சக்கர நாற்காலியில் வருவோர் அலை வரை செல்வதற்காக 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. வாழ்நாளில் முதல் முறையாகக் கடல்நீரைத் தொட்டவர்களின் முகங்கள் அப்போது செய்தித்தாள்களில் வந்தன. கடலோர மாநிலத்தில் இத்தனை காலம் ஏன் ஆயிற்று என்ற கேள்வி நியாயமானது.

அறையைத் தேர்ந்தெடுத்தல்

கப்பல் வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி இருப்பது போதுமானதல்ல. பல நிறுவனங்கள் அணுகல் அறைகளை இரண்டாகப் பிரிக்கின்றன. முழு அணுகல் அறையில் நாற்காலி எங்கும் போகும், படுக்கையின் இருபுறமும் இடம் இருக்கும். பகுதி அணுகல் அறை, சில அடிகள் நடக்கக்கூடியவருக்கானது. அங்கே ஒருபக்கம் மட்டுமே அணுக முடியும். விலைப்பட்டியலில் இரண்டுக்கும் ஒரே குறி இருக்கக்கூடும். ஒருபக்கம் மட்டும் வலுவுள்ள பக்கவாத நோயாளிக்கு, படுக்கையின் எந்தப் பக்கம் இடம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

முதலில் அளக்க வேண்டியது அறையை அல்ல, தன் நாற்காலியை. கையால் உருட்டும் வளையத்தின் வெளிவிளிம்பிலிருந்து மறுபுற வெளிவிளிம்பு வரை அளக்க வேண்டும். விரல் முட்டிகளுக்கு இருபுறமும் ஓர் அங்குலமாவது கூடுதல் வேண்டும். கதவைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது சட்டத்தின் அகலம் அல்ல. கதவு 90 பாகை திறந்த நிலையில் மிஞ்சும் தெளிந்த அகலம். கதவுப் பலகையின் தடிமனே ஒன்றரை அங்குலத்தை விழுங்கிவிடும். அறைக்கதவு அகலமாக இருந்து குளியலறைக் கதவு குறுகியிருப்பதும் உண்டு. இரண்டையும் தனித்தனியே கேட்டு, எழுத்தில் பெறுவது நல்லது.

பெரும்பாலான ஏமாற்றங்கள் குளியலறையில்தான் நேர்கின்றன. நாற்காலி அப்படியே உருண்டு உள்ளே போகும் குளியலிடமா, விளிம்பு உள்ள தொட்டியா? மடக்கு இருக்கை சுவரில் இருக்கிறதா, கைக்குழாய் அந்த இருக்கையிலிருந்து எட்டுமா? கழிப்பறை இருக்கையின் உயரம் 17 முதல் 19 அங்குலம் என்பது அமெரிக்க அளவு. நம் நாற்காலி இருக்கையும் ஏறத்தாழ அதே உயரம் என்பதால் பக்கவாட்டில் மாறுவது எளிது. கைப்பிடி எந்தச் சுவரில் என்பதையும் கேட்க வேண்டும். வெளிநாட்டில் கட்டிய கப்பல்களில் கழுவுவதற்குத் தண்ணீர்க் குழாய் இல்லாமல் இருக்கலாம். ஒரு குவளை எடுத்துச் செல்வது சிறிய யோசனைதான், ஆனால் பயனுள்ளது.

படுக்கைக்கு அடியில் இடைவெளி இருந்தால்தான் ஆளைத் தூக்கும் கருவியின் கால்கள் நுழையும். பெட்டி போல மூடிய கட்டில்களில் அது முடியாது. தண்டுவடக் காயம் உள்ளோர் மெத்தையின் மென்மையையும் விசாரிக்க வேண்டும். உணர்வில்லாத தோலில் ஒரே இரவில் புண் தொடங்கிவிடும்.

நாற்காலியையோ மின்னூர்தியையோ நடைவழியில் நிறுத்த முடியாது. தீ விபத்தில் வெளியேறும் வழியை அது அடைக்கும். ஆகவே மின்கலத்தை ஏற்றுவது உட்பட எல்லாம் அறைக்குள்தான். செருகியின் வகையையும் மின்னழுத்தத்தையும் முன்பே அறிய வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. முன்முனையிலும் பின்முனையிலும் உயரத்திலும் ஆட்டம் மிகும். நிறுத்துக்கட்டை தளர்ந்த நாற்காலி கப்பல் சாயும்போது தானே உருளும். மின்தூக்கிக்கு அருகே அறை இருப்பது வசதி என்றாலும், தீ நேர்ந்தால் மின்தூக்கி இயங்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவசரத்தில் கூடும் இடம் எந்தத் தளத்தில் உள்ளது, படிகளில் இறக்கும் நாற்காலி கப்பலில் உண்டா என்று முதல் நாளே கேட்பது முறை. அவசரகாலத்தில் உதவி தேவை என்று அறிவித்தவர்களின் விவரம் புறப்படும் முன்பே கப்பல் தலைவரிடம் சேர வேண்டும் என்பது பன்னாட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த விதி. வெட்கப்பட்டோ, இடம் மறுப்பார்களோ என்று அஞ்சியோ தெரிவிக்காமல் இருப்பவர்கள் தங்களையே ஆபத்தில் வைக்கிறார்கள்.

வழியிலுள்ள ஊர்களில் கப்பல் கரையில் அணைகிறதா, கடலில் நின்று சிறுபடகில் இறக்குகிறதா என்பதும் தேர்வின் ஒரு பகுதி. சிறுபடகு என்றால் பல நிறுவனங்கள் நாற்காலிப் பயணியை இறக்குவதில்லை. அன்று முழுவதும் கப்பலிலேயே இருக்க வேண்டிவரும். அப்படியானால் அறை சாளரத்தோடு இருப்பது வெறும் ஆடம்பரம் அல்ல. சாளரத்துக்கு அப்பால் உள்ள மாடத்துக்குச் செல்லும் வாசலில் விளிம்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புளியறையிலிருந்து துறைமுகம் வரை

சரியான அறை கிடைத்தாலும் அதுவரை போய்ச் சேர வேண்டும். புளியறை வழியே செல்லும் செங்கோட்டை–புனலூர் ரயில் பாதை 1904இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. அகலப் பாதையாக மாற்றும் பணி 2018இல் நிறைவுற்றது. சென்னை செல்வோர் செங்கோட்டை சென்று பொதிகை போன்ற இரவு ரயிலில் ஏறுவது வழக்கம். நீண்ட ரயில்கள் பலவற்றில் ஒரு முனையில் சரக்கு, காவலர் பகுதியோடு மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியும் இணைக்கப்படுகிறது. அகலமான கதவு, பெரிய கழிப்பறை, பிடிகம்பிகள் அதில் உண்டு. ஆனால் குளிர்சாதன வசதி பொதுவாக இல்லை. ரயிலின் கோடியில் இருப்பதால், நடைமேடைக் கூரை முடியும் இடத்தில்தான் அது நிற்கும்.

பெட்டி பொருத்தமாக இருந்தாலும் ஏறுவது தனிக்கதை. நம் நாட்டு உயர்மட்ட நடைமேடை தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரம். பெட்டியின் தரை ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர். இடையே ஒன்றரை அடிக்கு மேல். கையடக்கச் சாய்தளம் நிலையத்தில் இல்லையென்றால் இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். மசுலாப் படகிலிருந்து பயணியைத் தூக்கியிறக்கிய காட்சிக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. சென்னை எழும்பூரில் இறங்கிய பின் நிலைமை சற்று மேல். மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கி உண்டு, பெட்டியின் தரையும் நடைமேடையும் ஏறத்தாழச் சமம். ஆனால் மெட்ரோ துறைமுக வாயிலுக்குள் போவதில்லை. கடைசித் தொலைவுக்கு வாடகைக் கார்தான். நாற்காலி மடங்காத வகையென்றால் அதற்கேற்ற பெரிய வண்டியை முன்பதிவு செய்ய வேண்டும்.

இரவு முழுவதும் ரயிலில் வந்தவர் அன்றே கப்பலேறுவது தண்டுவடக் காயம் உள்ளவருக்கு ஏற்றதல்ல. ஒரு நாள் முன்பே சென்னை வந்து தங்கினால், அந்த விடுதி அறைக்கும் மேலே சொன்ன அளவுகளை எல்லாம் கேட்டாக வேண்டும்.

கடைசியாகக் கரைக்கும் கப்பலுக்கும் இடையே போடும் ஏணிப்பாலம். அதன் சரிவு, கப்பலின் எந்தத் தளத்துக் கதவு திறக்கப்படுகிறது என்பதையும் கடலின் ஏற்றவற்றத்தையும் பொறுத்தது. சென்னையில் ஏற்றவற்ற வேறுபாடு சுமார் ஒரு மீட்டர்தான். மும்பையில் அது 4 மீட்டரைத் தாண்டுகிறது. அங்கே காலையில் எளிதாக உருண்டு இறங்கிய பாலம், மாலையில் திரும்பும்போது செங்குத்தாக நிற்கக்கூடும். எனவே மும்பை போன்ற துறைகளில் கரையிறங்கும் முன், திரும்பி ஏறும் நேரத்தில் நீர்மட்டம் எப்படி இருக்கும் என்று கப்பல் அலுவலரிடம் கேட்டுக்கொள்வது வழக்கம்.